அட்டையில் முப்பது

என் தங்கச்சி முப்பதில் நின்றுவிடுவாள். வயதைச் சொல்லவில்லை, வயது அது பாட்டுக்கு நாற்பதை நெருங்கிக்கொண்டிருக்கிறது, அதை யார் நிறுத்த முடியும்? நான் சொல்வது நீச்சல் குளத்தில். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்த் திரும்பி வந்தால் ஒரு சுற்று. இருபத்தேழு சுற்று வரைக்கும் அவளைப் பார்த்தால் தண்ணீரிலேயே பிறந்தவள் என்று சத்தியம் பண்ணுவீர்கள். இருபத்தெட்டில் தோள் கனக்கும். இருபத்தொன்பதில் கால் கல்லாகும். முப்பதில் சுவரைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உயிர் போகுது" என்பாள். வாரத்துக்கு ஐந்து நாள் அந்த உயிர் தவறாமல் போய், காபி குடித்ததும் திரும்பி வந்துகொண்டிருந்தது.

வேண்டியது நாற்பது.

பொது நீச்சல் குளத்தில் பெண்கள் உடை மாற்றும் அறை அவள் பொறுப்பு. பதினோரு வருடமாகச் சாவி கொடுக்கிறாள், சாவி வாங்குகிறாள், ஈரத் தரையைத் துடைக்கிறாள், யாரோ விட்டுவிட்டுப் போன ஒற்றைக் கம்மலுக்கு ஆள் தேடுகிறாள். குளத்தின் ஓரத்தில் லைஃப் கார்டு உட்காரும் உயரமான நாற்காலி இருக்கிறது. அதன் அடியில் தேங்கும் தண்ணீரைத் தள்ளுவதும் இவள் வேலைதான். அந்த நாற்காலியில் ஏறி உட்கார வேண்டும், கழுத்தில் விசில் தொங்க வேண்டும், ஓடுகிற பிள்ளைகளை "ஏய், ஓடாதே!" என்று அதட்ட வேண்டும். இதுதான் அவள் ஆசை. வேறு எதற்கும் அவள் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

அதற்கு ஒரு சோதனை உண்டு. ஒரு மணி நேரத்துக்குள், நடுவில் நிற்காமல் நாற்பது சுற்று. கரையேறி ஐந்து நிமிடம் ஓய்வு. பிறகு ஆழமான பக்கத்தில் அடியில் கிடக்கும் ஆள் கனமுள்ள ரப்பர் பொம்மையை மேலே கொண்டுவந்து, எதிர்க்கரை வரை இழுத்துப் போய் மேலே ஏற்ற வேண்டும். ஒருவர் மூன்று தடவைதான் முயலலாம். முதல் தடவை முப்பதாவது சுற்றில் காலில் சதை பிடித்து, ஒரு வாய்த் தண்ணீரும் குடித்துவிட்டாள். நின்றாள். அதில் தப்பில்லை. இரண்டாவது தடவை சதையும் பிடிக்கவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. ஆனால் முப்பதில் நின்றாள். அதற்கப்புறம் குளத்தில் அவள் பேரே மாறிவிட்டது. "முப்பதக்கா, ஒரு சாவி குடுங்க" என்று சின்னப் பிள்ளைகள்கூடக் கேட்டன. அவளும் கொடுத்தாள், சிரித்துக்கொண்டே. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. இன்னும் ஒரே ஒரு தடவைதான் பாக்கி.

இனி என்னைப் பற்றி. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் துணி எண்ணுகிறவள் நான். கட்டுக்கு நாற்பது படுக்கை விரிப்பு. பத்தொன்பது வருடத்தில் ஒரு கட்டில் முப்பத்தொன்பதோ நாற்பத்தொன்றோ இருந்ததாக யாரும் சொன்னதில்லை. சொல்லித்தான் பார்க்கட்டுமே! அதனால்தான் தங்கச்சிக்கு அட்டை பிடிக்கும் வேலை எனக்கு வந்தது. நெடுந்தூரம் நீந்துகிறவர்களால் எண்ணிக்கொண்டே நீந்த முடியாது. கரையில் ஒருவர் மண்டியிட்டு, தேதி கிழிக்கிற காலண்டர் மாதிரி புரட்டக்கூடிய எண் அட்டையைத் தண்ணீரைப் பார்த்துப் பிடிக்க வேண்டும். சுவரைத் தொட வரும்போது எத்தனை சுற்று முடிந்தது என்று அவர் பார்த்துக்கொண்டு திரும்பிவிடுவார். என் இன்னொரு கையில், கட்டைவிரலால் அழுத்தினால் ஒன்று கூடுகிற சின்ன எண்ணிப் பெட்டி இருக்கும். சலவைப் பிரிவிலும் நான் அதைத்தான் வைத்திருப்பேன்.

குளம் திறக்கும் முன் விடியற்காலையில் ஒன்றரை மணி நேரம் எங்களுக்கு. நாங்களும், தண்ணீரில் குளோரின் கலக்கும் மருந்துக்காரரும்தான் இருப்போம். சோதனைக்கு ஏழு வாரம் இருக்கும்போது ஒரு நாள், நான் அட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கையில் சலவைப் பிரிவிலிருந்து போன் வந்தது. தலையணை உறை பன்னிரண்டு குறைகிறதாம். குறையாது. நான் எண்ணியது. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு அவர்களை ஒரு பிடி பிடித்தேன். கடைசியில் உறைகள் வண்டியிலேயே இருந்தன. போனை வைத்துவிட்டு அட்டையைப் புரட்டத் தொடங்கினேன். தங்கச்சியும் முப்பதில் சுவரைப் பிடித்தாள், உயிர் போயிற்று, எல்லாம் வழக்கம்போல. அவள் தலை துவட்டப் போன பிறகு கையைப் பார்த்தேன். எண்ணிப் பெட்டியில் முப்பத்து நான்கு.

முதலில் எனக்கு வந்தது அவமானம். சண்டை போட்ட வேகத்தில் நான்கு சுற்று அட்டையைப் புரட்டாமலே விட்டிருக்கிறேன். கட்டைவிரல் மட்டும் பழக்கத்தில் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. பத்தொன்பது வருடப் பேர் போச்சே என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். அதற்குப் பிறகுதான் மண்டையில் உறைத்தது: முப்பத்து நான்கு நீந்தியவளுக்கு முப்பது நீந்திய களைப்புதான் வந்திருக்கிறது. அந்த நான்கு சுற்றின் களைப்பு எங்கே போனது?

மருந்துக்காரரிடம் கேட்டேன். அவர் எதற்கும் அவசரப்படாத மனிதர். வாளியைக் கீழே வைத்தார்.

"அவங்களுக்குக் களைப்பு கை கால்ல இல்லம்மா. உங்க அட்டையில இருக்கு" என்றார். "நீங்கதான் முப்பதாவது தாள்ல கட்டி வெச்சிருக்கீங்க."

ஒருத்தர் சொன்னதை அப்படியே நம்புகிறவள் இல்லை நான். வீட்டிலேயே சோதனைக்கு ஆள் இருந்தது. என் வீட்டுக்காரரை டாக்டர் தினம் பூங்காவைச் சுற்றச் சொல்லியிருந்தார். ஐந்து சுற்று முடிந்ததும் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து ஒரு பெருமூச்சு விடுவார், பக்கத்து மரத்துக் காக்கை பறந்துவிடும். ஒரு நாள், "டாக்டர் இனிமே மூணு போதும்னுட்டார்" என்றேன். மூன்றாவது சுற்றில் பொத்தென்று உட்கார்ந்தார், அதே பெருமூச்சு, அதே காக்கை. அடுத்த வாரம், "டாக்டர் மனசு மாறிட்டார், ஏழு" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே நடந்தார். ஐந்தாவதில் ஒன்றும் இல்லை. ஆறாவதில் ஒன்றும் இல்லை. ஏழாவதில் பொத்து. எனக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. உண்மையைச் சொன்னபோது அவர் இரண்டு நாள் பேசவில்லை, ஆனால் ஏழு சுற்று நடக்கிறார்.

அடுத்த வாரத்திலிருந்து அட்டையில் வேண்டுமென்றே பொய் சொன்னேன். பத்து வரைக்கும் தங்கச்சி உஷாராக இருப்பாள். இருபத்தைந்துக்கு மேல் பயத்தில் ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். நடுவில்தான் கனவில் நீந்துவாள். அப்போது அட்டை சொல்வதுதான் வேதவாக்கு. அந்த நடுவில் சில அட்டைகளை இரண்டிரண்டு தடவை காட்டினேன். முதல் நாள் ஐந்து, பிறகு ஏழு, பிறகு பதினொன்றிலிருந்து இருபது வரை பத்து அட்டையும் இரண்டு தடவை. அட்டை முப்பது சொல்லும்போது பெட்டி நாற்பது சொன்னது. அவள் நின்றாள், உயிர் போயிற்று, காபி குடித்தாள், வந்தது. தினமும் நாற்பது சுற்று நீந்திவிட்டு, "முப்பதைத் தாண்ட முடியலையேக்கா" என்று புலம்பிக்கொண்டே தரை துடைக்கப் போனாள்.

திட்டம் இதுதான். சோதனையில் யார் வேண்டுமானாலும் அட்டை பிடிக்கலாம், அது நீந்துபவரின் வசதிக்கு மட்டும். உண்மையான எண்ணிக்கை தேர்வு நடத்துகிறவர்களுடையது. அட்டையில் பொய் சொல்லக்கூடாது என்று விதியில் எங்கேயும் இல்லை. நான் மூன்று தடவை படித்தேன். அன்றைக்கும் அவள் அட்டையில் முப்பதைப் பார்த்து நிற்பாள், அவர்கள் கணக்கில் நாற்பதாகியிருக்கும், தேர்ச்சி. முன்கூட்டியே அவளிடம் சொன்னால் காரியம் கெட்டுவிடும் என்று நினைத்தேன். நாற்பது என்று தெரிந்து நீந்தினால் மறுபடி முப்பதில் அந்தக் கல் வந்து காலில் ஏறிக்கொள்ளுமே!

ஆனால் சுவரில் கடிகாரம் ஒன்று இருந்தது. அதை நான் மறந்துவிட்டேன்.

"என்னக்கா, முப்பது சுத்துக்கே அம்பது நிமிஷம் ஆகுது?" என்றாள் ஒரு நாள். "முன்னாடி முப்பத்தெட்டு நிமிஷத்துல முடிச்சுருவேனே."

"தண்ணி கனமா இருக்கும்டி. மருந்து கூடப் போட்டுட்டாரு" என்றேன். வாயில் வந்தது அது. மருந்துக்காரர் வாளியோடு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் நம்பவில்லை. வயதாகிவிட்டது என்று முடிவு கட்டிக்கொண்டாள். சோதனைக்கு முந்தின நாள் மாலை என் வீட்டுக்கு வந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, கணக்குப் போட்டாள். முப்பதுக்கு ஐம்பது நிமிடம் என்றால் நாற்பதுக்கு ஒரு மணி ஏழு நிமிடம். அதிசயமாக முப்பதைத் தாண்டினாலும் நேரம் தாண்டிவிடும்.

"நாளைக்குப் போகலைக்கா. எதுக்கு இன்னொரு தடவை எல்லார் முன்னாடியும்?" என்றாள்.

என் வீட்டுக்காரர் என்னை முறைத்தார். அவருக்கு எல்லாம் தெரியும். எனக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் விழுங்கிவிட்டேன். "என் பேச்சைக் கேட்டு நாளைக்கு ஒரு நாள் மட்டும் வா. எனக்காக" என்றேன். என் பேச்சை அவள் தட்டியதே இல்லை. அதுதான் எனக்கு அன்றைக்குக் குத்தியது.

காலையில் தலைமை அலுவலகத்திலிருந்து தேர்வாளர் வந்தார். பருத்த உடம்பு, கழுத்தில் விசில், மூன்று உதவியாளர்கள். நீந்துகிறவர்கள் நான்கு பேர். என் தங்கச்சி நாலாவது வரிசை. அவள் பக்கத்து வரிசையில் பள்ளி விளையாட்டு ஆசிரியர் ஒருவர், ஆள் தேக்கு மரம் மாதிரி இருந்தார். அட்டை பிடிக்கிற நாங்கள் கரையில் மண்டியிட, எங்களுக்குப் பின்னால் மேசை போட்டுத் தேர்வாளர்கள் உட்கார்ந்தார்கள். எங்கள் அட்டைகள் தண்ணீரைப் பார்த்திருக்கும், அவர்களுக்குத் தெரியாது.

"ஒரு விஷயம்" என்றார் தேர்வாளர். "பொம்மைச் சோதனை முடியிற வரைக்கும் நீந்துறவங்களை யாரும் தொடக் கூடாது. தொட்டா அது உதவி. உதவின்னா தோல்வி."

தங்கச்சி தொப்பி போட்டுக்கொண்டாள். பதினோரு வருடக் குளத்துத் தண்ணீரால் அவளுக்குக் காதில் சீழ் வரும், அதனால் ரப்பர் அடைப்பானையும் காதில் திருகிக்கொண்டாள். என்னைப் பார்க்காமல் தண்ணீரில் இறங்கினாள்.

அன்றைக்கு அவள் நீந்தியது வேறு மாதிரி இருந்தது. கை வேகமாக விழுந்தது. பத்து வரை உண்மை. பதினொன்று, பதினொன்று. பன்னிரண்டு, பன்னிரண்டு. என் கட்டைவிரலும் மணிக்கட்டும் வேறு வேறு கணக்கில் ஓடின. அட்டையில் இருபத்தெட்டு வந்தபோது பெட்டியில் முப்பத்தெட்டு. இருபத்தொன்பது வந்தபோது முப்பத்தொன்பது. இதோ, இன்னும் ஒன்று, பிறகு என் தங்கச்சி பாஸ்! முப்பது அட்டையைப் புரட்டிப் பிடித்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாகக் காத்திருந்தேன். அவள் வந்தாள், சுவரைத் தொட்டாள், தலையைத் தூக்கி அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பின்னால் விசில் ஊதியது. "நாலாவது வரிசை, நாப்பது! நாப்பத்தேழு நிமிஷம்!"

நான் இரண்டு கையையும் நீட்டப் போனேன். அவள் சுவரை உதைத்துத் திரும்பிப் போய்விட்டாள்.

"அடியே!" என்று கத்தினேன். ரப்பர் அடைப்பானுக்கு யார் கத்தினால் என்ன? தேர்வாளர் மறுபடி ஊதினார். உதவியாளர்கள் எழுந்து கையை ஆட்டினார்கள். ஏற்கெனவே முடித்துக் கரையேறியிருந்த விளையாட்டு ஆசிரியரும் துண்டைச் சுழற்றினார். அவள் மூச்சு வாங்கத் தலையைத் திருப்பும்போது இதையெல்லாம் பார்த்தாள் போலிருக்கிறது; எல்லாரும் உற்சாகப்படுத்துகிறார்கள் என்று நினைத்து இன்னும் வேகம் பிடித்தாள்.

திரும்பி வந்தபோது வேறு வழியில்லாமல் முப்பத்தொன்று காட்டினேன். போனாள். சீக்கிரம் முடிக்க வேண்டுமே என்று அடுத்ததற்கு முப்பத்து மூன்றைக் காட்டினேன். சுவரைத் தொட்டவள் தலையை வெளியே நீட்டி, "முப்பத்திரெண்டுக்கா! ஒழுங்கா எண்ணு!" என்று குளம் அதிரக் கத்திவிட்டுப் போனாள்.

பத்தொன்பது வருடம் துணி எண்ணியவளைப் பார்த்து!

தேர்வாளர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். "என்னம்மா முப்பத்திரெண்டுங்கிறாங்க? எங்க கணக்குல நாப்பத்திரெண்டாச்சே?"

அட்டையைத் திருப்பிக் காட்டினேன். சொல்லித்தானே ஆக வேண்டும், சொன்னேன். அவர் மேசைக்குப் போய் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். திரும்பி வந்தார்.

"இதைப் பத்தி ஒண்ணும் போடலை" என்றார், கொஞ்சம் வருத்தமாக. "சரி, இப்பவாவது நாப்பதுன்னு காட்டித் தொலைங்க. நின்னுருவாங்க."

"ஒண்ணைத் தாண்டினதுக்கே சண்டைக்கு வர்றா சார். ஏழு எண்ணைத் தாண்டினா பொய்னு தெரிஞ்சுரும். நாப்பத்திரெண்டு நீந்திட்டோம்னு தெரிஞ்ச நிமிஷம் அவ உடம்பு கீழ விழுந்துரும். அப்புறம் பொம்மையை யாரு தூக்குறது?"

அவர் யோசித்தார். பிறகு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "அப்போ காட்டுங்க. முறையா காட்டுங்க" என்றார். முப்பத்து மூன்று. முப்பத்து நான்கு. முப்பத்தைந்து. ஒவ்வொரு தடவையும் அவரும் என்னோடு குனிந்து பார்த்தார். நீந்துகிறவளுக்கு இளைக்கவில்லை, மண்டியிட்டிருந்த எனக்கு மூச்சு இளைத்தது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருக்கு வியர்த்தது. அவள் எங்கேயாவது நடுவில் மூழ்கிவிடுவாளோ, எல்லாம் என்னால் வந்த வினையாகிவிடுமோ என்று பயந்து செத்தேன்.

அட்டையில் நாற்பது வந்தபோது ஐம்பத்தொன்பது நிமிடம் ஆகியிருந்தது. அவள் தானாகக் கையூன்றிக் கரையேறினாள், காதிலிருந்து அடைப்பானைப் பிடுங்கினாள்.

"மணி எவ்வளவுக்கா?"

"அம்பத்தொன்பது நிமிஷம்" என்றேன். அன்றைக்கு அவளிடம் நான் சொன்ன முதல் உண்மை.

"ஒரு மணிக்குள்ள வந்துட்டேன்!" என்று குதித்தாள். நிஜமாகவே குதித்தாள். விளையாட்டு ஆசிரியர் ஓடிவந்து, "அம்மா, பிரமாதம்! அம்ப..." என்று ஆரம்பித்தார். ஊர் பேர் தெரியாத ஆம்பளை வாயைக் கையால் பொத்தினேன். வேறென்ன செய்வது? குளத்தைச் சுற்றி ஒவ்வொருவராகப் பார்த்து உதட்டில் விரல் வைத்தேன். தேர்வாளரும் தன் உதவியாளர்களைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார்.

"கை வலிக்குதாடி?" என்று கேட்டேன்.

"லேசா. நாப்பதுக்கு எவ்வளவு வலிக்கணுமோ அவ்வளவுதான் வலிக்குது."

ஐந்து நிமிடம் ஆனதும் குதித்தாள். ஆழத்தில் அவள் தொப்பி மறைந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவள் மேலே வருவதற்குள் நான் இரண்டு தடவை மூச்சு விட்டாயிற்று. வந்தாள், பொம்மையின் தாடையைப் பிடித்தபடி. ஒற்றைக் கையால் தண்ணீரைத் தள்ளித் தள்ளி எதிர்க்கரைக்கு இழுத்துப் போனாள். அங்கே முதல் தடவை தூக்கியபோது பொம்மை வழுக்கி உள்ளே போனது. என் தங்கச்சி அதைப் பார்த்து, "வாடா" என்றாள். இரண்டாவது தடவை கரையில் போட்டுவிட்டாள். எல்லாரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை; என் கையில் அட்டையும் பெட்டியும் இருந்தன, அவற்றைக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

தேர்வாளர் தாளைப் பார்த்துச் சத்தமாகப் படித்தார். அவருக்கும் பரபரப்பில் மறந்துவிட்டது, பாவம். "நாலாவது வரிசை, தேர்ச்சி. நீந்தினது அம்பது சுத்து..."

"நாப்பது சார்" என்று திருத்தினாள் என் தங்கச்சி.

"அம்பதும்மா. நாங்க நாலு பேரும் எண்ணினோம்."

அவள் என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். அதில் ஐம்பது இருந்தது. ஆள் கனப் பொம்மையைத் தூக்கிக் கரையில் போட்டு இரண்டு நிமிடம் ஆகவில்லை, ஈரத் தரையில் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, கையைத் தூக்க முடியலை. ஏன்க்கா தூக்க முடியலை?"

பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தலையணை உறையிலிருந்து ஆரம்பித்து, இரண்டிரண்டாகக் காட்டிய அட்டை வரை.

"எத்தனை நாளா?"

"அஞ்சு வாரமா."

"மருந்துக்காரருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"மாமாவுக்கு?"

தலையாட்டினேன்.

"அப்போ நான் நாப்பது நீந்துவேன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும்தான் தெரியாது" என்றாள். "அஞ்சு வாரமா வயசாயிடுச்சுன்னு நெனச்சு அழுதுக்கிட்டு இருந்தேன்க்கா. இன்னைக்கு நேரத்துக்குள்ள முடிக்கணும்னு பேய் மாதிரி கை போட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் சுலபத்தில் அழுகிறவள் இல்லை. அவளுக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்து, அவளிடமிருந்தே அவளை ஒளித்து வைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது, சொன்னேன். "தப்புதான்டி. பெரிய தப்பு." மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டேன்: "ஆனா நீ ஏன் முப்பதுல நிக்கலை? எப்பவும் நிப்பியே?"

"மூச்சு முட்டத்தான் செஞ்சுது. நிக்கலாம்னுதான் தலையைத் தூக்கினேன். அட்டையில முப்பது. மேல உன் மூஞ்சி." அவள் சிரித்தாள். "இத்தனை நாள்ல முப்பதுல உன் மூஞ்சி எப்படி இருக்கும் தெரியுமா? எழவு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். இன்னைக்கு நான் ஜெயிச்சே முடிச்ச மாதிரி பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறே. என் அக்காவே நம்பிட்டா, இனிமே எப்படி நிக்கிறதுன்னு திரும்பிட்டேன்."

பொய்யை அதோடு விட்டிருக்கலாம். அழகாக இருந்தது. ஆனால் போதும் என்று தோன்றியது.

"அது நீ தாண்டுவேன்னு நம்பின மூஞ்சி இல்லடி" என்றேன். "நீ முப்பதுல நிப்பேன்னு நம்பின மூஞ்சி. அப்போ உண்மையில நாப்பது ஆயிருந்துச்சு."

"நீ எதை நம்பினியோ போ" என்றாள். "நான் பாத்ததை வெச்சுத்தான் நீந்தினேன்."

தேர்வாளர் சான்றிதழோடு வந்து அவள் எதிரே குந்தி உட்கார்ந்தார். பெயர் எழுதியிருந்தார், கீழே 'நாற்பது சுற்றுகள் நீந்தித் தேர்ச்சி பெற்றார்' என்று அச்சடித்திருந்தது. கையெழுத்துப் போடச் சொன்னார்.

"இதுல நாப்பதுன்னு இருக்கே சார்."

"எல்லாருக்கும் அப்படித்தாம்மா அச்சாகி வருது. வேண்டியது நாப்பதுதானே."

"அடிச்சுட்டு அம்பதுன்னு எழுதுங்க" என்றாள். அவரிடம்தான் சொன்னாள், ஆனால் என்னைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "இனிமே யாரும் எனக்குக் குறைச்சுக் காட்டக் கூடாது."

அவர் அடித்தார், எழுதினார், பக்கத்தில் சின்னக் கையெழுத்தும் வைத்தார். அவளால் பேனாவைத் தாள் வரைக்கும் கொண்டுபோக முடியவில்லை. நான் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். இனி தொட்டால் தோல்வி இல்லை என்று தேர்வாளர் சொன்னார்.